முப்பத்தொரு வெந்நீர்ப் பைகள்

முதலில் சர்க்கரை எத்தனை கரண்டி என்று சொல்லிவிடுங்கள், ஐயா. பேச்சு கொஞ்சம் நீளும்.

என் பெயர் ஷலபி. கெய்ரோவில், இந்தக் காப்பீட்டு அலுவலகத்தின் ஐந்தாம் தளத்தில் பத்தொன்பது வருடமாக டீ போடுகிறேன். தளத்தில் மொத்தம் முப்பத்திரண்டு பேர். யாருக்குப் புதினா, வயிறு சரியில்லாத அன்று யாருக்குச் சோம்புத் தண்ணீர், எல்லாம் எனக்கு மனப்பாடம். யார் சீட்டில் இல்லை என்பதும் மனப்பாடம்தான், ஆனால் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நாற்காலி முதுகில் கோட்டு தொங்கினால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். தொழுகைக்குப் போயிருப்பார், இதோ வந்துவிடுவார். எங்கள் அப்பன் காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு, யாருக்கும் மனக்குறை கிடையாது.

தலைமை அலுவலகம்தான் அதில் கை வைத்தது. ஊழியர்களின் சௌகரியத்துக்கு என்று சொல்லி ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் ஒரு சென்சாரை ஒட்டினீர்கள். நாற்காலியில் சூடு தெரிந்தால் நடைக்கூடத்துத் திரையில் அந்தப் பெயருக்குப் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்பு. பச்சைக்குத் தக்கபடி விளக்கு எரியும், ஏசி ஓடும். நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோட்டுக்கு ஏது சூடு? முதல் வாரமே திரை அம்மை போட்ட முகமாகிவிட்டது.

இப்படியே போனால் நம்மை ஆறாம் தளத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்று மேலாளர் ராகிப் சொன்னார். ஆறாம் தளத்தில் டீ போடுவது ஒரு இயந்திரம். ஒரு தடவை வாங்கிக் குடித்தும் பார்த்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீரை நாங்கள் வேறு இடத்தில் ஊற்றுவோம். என் அடுப்பு அணைந்தால் இந்த வயதில் நான் எங்கே போவேன், ஐயா? அந்தப் பயம் மட்டும் இல்லாவிட்டால் இவ்வளவும் நடந்திருக்காது.

அந்த வாரம் ஹுசாம் என்கிற கணக்கர் பல் வைத்தியரிடம் போக வேண்டும் என்று என்னிடம் வந்து புலம்பினார். நல்ல பிள்ளை. வெந்நீருக்கு என்னிடம் பஞ்சமா? மருந்துக்கடையில் ஒரு ரப்பர் பை வாங்கி, நிரப்பி, அவர் நாற்காலியில் வைத்தேன். பச்சை. ஹுசாமின் பல் அதற்கப்புறம் ஏழு வாரம் வலித்தது.

விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ஒருவருக்கு மச்சான் கல்யாணம், ஒருவருக்குக் கடற்கரை, ஒருவருக்கு வேறு கம்பெனியிலேயே வேலை. “வீட்ல எத்தனை பேருக்குண்ணே வயித்து வலி?” என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். முப்பதாவது பைக்கு அவர் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் ராகிப்பே கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“எனக்கும் ஒண்ணு வைங்கண்ணே. கொஞ்சம் பெருசா.”

மேலாளர் இல்லையா, பெரிதாகத்தான் வைத்தேன்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்றினால் போதும். பைகள் சண்டை போடாது, டீயில் சர்க்கரை கூடிவிட்டது என்று முகம் சுளிக்காது. நாட்டிலேயே எங்கள் தளம்தான் முதலிடம் என்று நீங்களே கடிதம் போட்டீர்கள். அதைச் சட்டம் போட்டு அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறேன், பாருங்கள்.

மிச்சம் இருந்தவர் இன்சாஃப் அம்மா ஒருவர்தான். கோப்புப் பிரிவு. எட்டு மணிக்கு டாண் என்று வந்துவிடுவார். தளம் நிறைய ஆள் இருப்பதாக நம்பி ஏசி அடிக்கிற அடியில், ஆகஸ்ட் மாதத்தில் கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு, முப்பத்திரண்டு பேர் வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்தார். இந்த மேசையில் போன் அடித்தால் ஓடுவார், அந்த மேசையில் அடித்தால் ஓடுவார். உட்கார ஏது நேரம்? அவர் புள்ளி மட்டும் சிவப்பு.

நான் சும்மா இருக்கவில்லை, ஐயா. அவருக்கும் ஒரு பை வைக்கிறேன் என்று இரண்டு தடவை கேட்டேன்.

“நான்தான் இங்கயே இருக்கேனேண்ணே, எனக்கெதுக்குப் பை?” என்றார்.

பிடிவாதம். பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து நீங்களே போனில் கேட்டீர்கள், அந்தம்மா சீட்டில் இருக்கிறாரா என்று. மற்றவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாக எதற்குச் சொல்ல வேண்டும்? அந்தம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்றேன். சத்தியமான வார்த்தை. பொய் எனக்கு ஆகாது.

வேலை நீக்கக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தம்மா அடுப்படியில் வந்து நின்றார். “நான் தெனம் வந்தது உங்களுக்காவது தெரியும்லண்ணே?” என்றார். கெட்டியாக ஒரு டீ போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு அழுதேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் பெயரைத் திரையிலிருந்து யாரும் எடுக்கவில்லை. முப்பத்தொரு பச்சைக்கு நடுவே ஒற்றைச் சிவப்பு, கண்ணை உறுத்தியது. அங்கேயும் ஒரு பை வைத்தேன். இந்த மாதத்தின் சிறந்த ஊழியர் என்று அவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்க இன்று நீங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். அன்றைக்கே என் பேச்சைக் கேட்டு ஒரு பை வைத்துக்கொண்டிருந்தால் அந்தம்மாவுக்கு இந்தக் கதி வந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.