சார்ட்டின் கடைசி இரண்டு வரிகள்

விசாரணை அதிகாரி ஐயா அவர்களுக்கு. முதலில் ஒரு வேண்டுகோள். இதை யாரிடமும் காட்டாதீர்கள். நாளைக் காலை பதினொரு மணி விசாரணைக் கோப்பில் இதைச் சேர்த்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்தக் கோப்பு என் அப்பாவின் மேசை வழியாகத்தான் போகும். படித்துவிட்டு உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இத்துடன் இணைத்திருக்கும் காகிதத் துண்டு மட்டும் போதும். அது என்ன என்பதை முறைப்படி, வரிசையாகச் சொல்கிறேன். வாக்குமூலம் எழுதும் முறை எனக்குத் தெரியும். பள்ளி விட்டு அப்பாவின் அலுவலகத்தில் காத்திருக்கும் நேரத்தில் பழைய வாக்குமூலங்களைத்தான் படித்திருக்கிறேன். அங்கே படிப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

பெயர்: முடிவில் கையெழுத்தாகப் போடுகிறேன். கூப்பிடும் பெயர் குருவி. வயது: பதினைந்து முடிந்து நான்கு மாதம். படிப்பு: பத்தாம் வகுப்பு. தகப்பனார்: இந்தக் கிளை அலுவலகத்தில் அரசு ஊழியர் நடத்தை விதிப் பிரிவின் அதிகாரி. முகவரி: அதிகாரிகள் குடியிருப்பு, இரண்டாம் கட்டடம், மூன்றாம் மாடி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம். என் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒளிக்க ஒன்றுமில்லாதவர்களுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று சொல்லி அப்பா கழற்றிவிட்டார். அவர் கதவைத் தட்டுவதும் இல்லை, நேராகத் திறப்பார்.

என் அப்பா யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. இதை அவருக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. வருடப் பிறப்புக்கு ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவரும் டைரியைக்கூட ஒரு கடிதம் எழுதித் திருப்பி அனுப்பி, அனுப்பியதற்கு ரசீது வாங்கி, அந்த ரசீதுகளைத் துளையிட்டுக் கோத்து வைத்திருக்கிறார். அலுவலகப் பென்சில் ஒன்று எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. இந்தப் பெருமையைச் சாப்பிட்டுத்தான் நாங்கள் மூன்று பேரும் உயிர் வாழ்கிறோம்.

சென்ற வருடம் நேர்மை வாரம் கொண்டாடச் சொல்லி உத்தரவு வந்தபோது, அப்பா ஒரு பெரிய வெள்ளைச் சார்ட்டை அவர் காசில் வாங்கி வந்து, உறுதிமொழியை என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னார். நான் எழுதினேன். மெய்யெழுத்துகளுக்கு நான் புள்ளி வைப்பதில்லை, சின்ன வட்டம் போடுவேன். தமிழ் ஆசிரியை, "புள்ளி வைடின்னா முட்டை போடற" என்று தலையில் குட்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதன் பின் அந்தச் சார்ட்டை அலுவலக உதவியாளர் தாத்தா வராந்தாவில், கூட்ட அறை வாசலுக்கு எதிரே, ஆணி அடித்து மாட்டினார். திங்கட்கிழமைதோறும் அலுவலகத்தின் இருபத்திரண்டு பேரும் அதன் முன்னால் வலது கையை நீட்டிக்கொண்டு உறுதிமொழி சொல்வார்கள். "கைய நீட்டச் சொன்னா மட்டும் நம்ம ஆபீஸ்ல யாருக்கும் கூச்சமே கெடையாது பாப்பா" என்று தாத்தா என்னிடம் சொன்னார். அதன் பின் எல்லோரும் டீ குடிப்பார்கள்.

அந்த அலுவலகத்தில் தட்டச்சராக இருப்பவர் என் தோழியின் அம்மா. நாளைக்கு நீங்கள் விசாரிக்கப்போவது இவரைத்தான். நான் இவரை அத்தை என்று கூப்பிடுவேன். தோழிக்கு அப்பா இல்லை. அரசு ஊழியர் குடியிருப்பின் கடைசி வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். வேலை போனால் அந்த வீடும் ஒரு மாதத்தில் போய்விடும்.

ஆறு மாதத்துக்கு முன், ஒரு புதன்கிழமை இரவு சாப்பிடும்போது, தலைமை அலுவலகத்திலிருந்து தனக்கு ஒரு கேள்வி வந்திருப்பதாக அப்பா சொன்னார். மூன்று வருடமாக ஆண்டறிக்கையில் நடவடிக்கை என்ற கட்டத்தில் "இல்லை" என்றே எழுதி அனுப்புகிறாராம். உங்கள் அலுவலகத்தில் எல்லோரும் உத்தமர்களா, அல்லது நீங்கள் தூங்குகிறீர்களா என்று கேட்டிருந்தார்களாம். அம்மா, "அந்த இன்ஜினியர் ரெண்டு கார் வெச்சிருக்காரே, ஊருக்கே தெரியும்" என்றார். அப்பா, "அவர் மேல கை வெச்சா என் கை இருக்காது. விவரம் தெரியாம பேசாத" என்றார். அதன் பின் அப்பா மோர் ஊற்றிக்கொண்டு, என் தோழி வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டார். அப்பா என்னிடம் பள்ளி மதிப்பெண் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. அதனால் நான் சந்தோஷப்பட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பழைய தையல் மெஷின் ஒன்று இருக்கிறது, அத்தையின் அம்மா கொடுத்தது, பச்சைப் பூப்போட்ட உறை போட்டிருக்கும், பள்ளி ஆண்டு விழாவுக்காக எங்கள் ஐந்து பேரின் பாவாடைகளின் கீழ் மடிப்பைப் பிரித்து நீளமாக்கிக் கொடுத்தார்கள் என்றும் சொன்னேன். "அஞ்சு பேரா?" என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பா ஒரு கோடு போடாத தாளும் பேனாவும் கொண்டுவந்து என் முன் வைத்தார். தாளைக் கடையில் அவர் காசில் வாங்கியிருந்தார். அலுவலகத் தாளில் எழுதுவது விதிக்கு விரோதம் என்று விளக்கினார். அவருடைய எழுத்து எல்லாக் கோப்பிலும் இருப்பதால் என்னை எழுதச் சொல்வதாகவும் விளக்கினார். அதன் பின் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அரசு ஊழியர் ஒருவர் அனுமதி பெறாமல் வீட்டில் தையல் வியாபாரம் நடத்துகிறார், மெஷினைச் சொத்து விவரத்தில் காட்டவில்லை, வாடிக்கையாளர்கள் ஐந்து பேர், மெஷின் உறை பச்சைப் பூப்போட்டது, இப்படிக்கு நேர்மையை விரும்பும் ஒருவர்.

நான், "மடிப்புப் பிரிச்சுக் குடுத்தா வியாபாரமாப்பா? அத்தை எங்க கிட்ட ஒண்ணும் வாங்கலையே" என்று கேட்டேன்.

"அது விசாரணையில தெரியும். விசாரணை நடக்கணும்னா கடிதம் வரணும்."

"மொட்டைக் கடிதத்த எடுத்துக்க மாட்டோம்னு நீங்கதானே சொல்வீங்க?"

"நம்பத் தகுந்த விவரம் இருந்தா எடுத்துக்கலாம். ரூல் இருக்கு. அந்த உறை விவரம் ரொம்ப முக்கியம், அதத் தெளிவா எழுது."

"அப்போ நீங்களே உங்களுக்குக் கடிதம் எழுதிக்கறீங்களாப்பா?"

"நான் எங்க எழுதறேன்? நீதானே எழுதற" என்றார் அப்பா.

அந்த நேரத்தில் அம்மா சமையலறையில் மிக்ஸியை ஓடவிட்டார். அரைப்பதற்கு எதுவும் இல்லை, வெறும் மிக்ஸியைத்தான் ஓடவிட்டார். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக. பிறகு என் அருகில் வந்து, "எழுதிக் குடுத்துடுடி, வம்பு வேண்டாம்" என்றார். நான் பயந்துபோய் எழுதினேன் என்று சொன்னால் அது பொய். எழுதும்போது வரி கோணாமல் வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

அதன் பின் அப்பா அந்தக் கடிதத்தைத் தபால்தலை ஒட்டி, மூன்று தெரு தள்ளி நடந்து போய்ப் பெட்டியில் போட்டார். இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் அதைப் பிரித்துப் படித்து, முத்திரை குத்தி, நேரம் பத்து இருபது என்று எழுதிக் கையெழுத்திட்டார். அன்று இரவு சாப்பிட உட்கார்ந்ததும் அம்மாவிடம், "ஆபீஸ்ல ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கு, நம்பவே முடியல" என்றார். அம்மா, "அப்படியா" என்றார். பார்க்க யாருமே இல்லாத நாடகத்தை இவ்வளவு ஒழுங்காக நடிப்பவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதன் பின் அத்தை வீட்டைச் சோதித்தார்கள். பச்சைப் பூ உறை இருந்தது. அதனால் கடிதத்தில் இருப்பது எல்லாமே உண்மை என்று அப்பா குறிப்பு எழுதினார். அத்தையைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நீக்கினார்கள். கடிதம் எழுதியவரையும் விடக் கூடாது என்று சிலர் பேசியதால், தன் நடுநிலையைக் காட்டுவதற்காக, அப்பா ஒரு நாள் மாலை அத்தை உட்பட இருபத்திரண்டு பேரையும் கூட்ட அறையில் உட்காரவைத்து ஒரே பத்தியை எழுதச் சொல்லி மாதிரிக் கையெழுத்து வாங்கினார். ஒன்றுகூடப் பொருந்தாது என்று அவருக்குத் தெரியும். பரீட்சை மேற்பார்வையாளர் போல வரிசைகளுக்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ரெண்டு கார் இன்ஜினியர் எழுதி முடித்துவிட்டு, "சார், எனக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அத்தை சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. வெளியே எதிர்ச் சுவரில் அந்தச் சார்ட் தொங்கிக்கொண்டிருந்தது. யார் எழுதியது, யார் எழுதியது என்று தேடிய இருபத்திரண்டு பேரில் ஒருவரும் தலையை நிமிர்த்தி அதைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமைதோறும் அதை வாய்விட்டுப் படிப்பவர்கள்தான் அவர்கள்.

அப்போது நானும் தோழியும் சார்ட்டுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். "எழுதின கை எதுவோ, அது அழுகிப் போகட்டும்டி" என்று தோழி சொன்னாள். அந்த நேரம் என் வலது கை அவள் கைக்குள் இருந்தது. நான் கையை எடுக்கவில்லை.

அதன் பின் போன சனிக்கிழமை நான் அத்தை வீட்டுக்குப் போனேன். மெஷினைத் துணியால் சுற்றிக் கயிறு கட்டி வாசல் பக்கம் நகர்த்தி வைத்திருந்தார்கள். அத்தை என்னைப் பார்த்து, "வா குருவி. பாவாடை இன்னும் பத்துதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். என் பாவாடையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே எறக்க முடியாதுடி கண்ணு, உள்ள துணியே இல்ல. உங்க அப்பா கிட்ட சொல்லி வேற வாங்கிக்க" என்றார். அதன் பின் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

நேற்றுக் காலை நீங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தீர்கள். கூட்ட அறையைத் திறக்கும்வரை வராந்தாவில் நின்று சார்ட்டைப் படித்து, "கையெழுத்து அழகா இருக்கே, யாரு எழுதினது?" என்று அப்பாவைக் கேட்டீர்கள். கடையில் கொடுத்து எழுதி வாங்கியது என்று அப்பா சொன்னார். ஆணி அடித்த தாத்தா அப்போது உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார், அவர் வாயைத் திறக்கவில்லை. இதையெல்லாம் அப்பா நேற்று இரவு அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அதன் பின் இன்று மாலை அப்பா அந்தச் சார்ட்டைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அழுக்காகிவிட்டது, புது போர்டு வருகிறது என்றார். "அதுக்கு ஏன் வீட்டுக்கு? அங்கயே குப்பையில போட வேண்டியதுதானே" என்று அம்மா கேட்டதற்கு, "உனக்குத் தெரியாது, பேசாம இரு" என்றார். பென்சில்கூடக் கொண்டுவராத என் அப்பா முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்த அலுவலகப் பொருள் நேர்மை உறுதிமொழி. நாளை விடியற்காலையில் அதை எரிப்பார் என்று நினைக்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் தூங்கப் போன பின், நான் ஹாலுக்குப் போய், பீரோவுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து, கடைசி இரண்டு வரிகளைக் கத்தரித்துக்கொண்டு, மிச்சத்தை முன்போலவே சுருட்டி வைத்துவிட்டேன். இத்துடன் இணைத்திருப்பது அதுதான். "யாரும் பார்க்காதபோதும் விதி வழுவாமல் நடப்பேன். தவறு எங்கே நடந்தாலும் அச்சமின்றித் தெரிவிப்பேன்." உங்கள் கோப்பில் இருக்கும் மொட்டைக் கடிதத்தின் பக்கத்தில் இதை வைத்து, புள்ளிகளைப் பாருங்கள். இரண்டிலும் வட்டம்தான் இருக்கும். நேற்று நீங்களே நின்று படித்த எழுத்து என்பதால், இது எங்கே இருந்தது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் பெயரையும் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்கு வேலை திரும்பக் கிடைத்தால் போதும். நீங்கள் தங்கியிருக்கும் விடுதி என் பள்ளிக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு இதை உங்கள் கையிலேயே கொடுப்பேன், காவலாளியிடம் கொடுக்க மாட்டேன்.

மேலே நான் எழுதியிருப்பது எல்லாம் நான் கண்டதும் கேட்டதும் செய்ததும். பள்ளியில் நான் பரிசு வாங்கிய நேர்மை பற்றிய கட்டுரையைக்கூட அப்பா சொல்லித்தான் எழுதினேன். பக்கத்தில் நின்று ஒருவரும் சொல்லாமல் நான் எழுதுவது இது ஒன்றுதான். கையெழுத்து இல்லாவிட்டால் இதுவும் இன்னொரு மொட்டைக் கடிதம் ஆகிவிடும் என்பதால், பயமாக இருந்தாலும், என் முழுப் பெயரைக் கீழே

ஹாலில் விளக்கு எரிகிறது. பீரோவை நகர்த்தும் சத்தம் கேட்டது. இப்போது சார்ட்டை விரிக்கும் சத்தம். அது நின்றுவிட்டது. வெகுநேரமாக எந்தச் சத்தமும் இல்லை.

கதவைத் தட்டுகிறார். ஐயா, அப்பா என் கதவைத் தட்டுகிறார். திறக்கவில்லை, தட்டிக்கொண்டு