ஜெயசீலிக்கு வைத்த பரீட்சை

எல்லாரும் வேலை முடிஞ்சு நேரா இங்க வந்து உக்காந்திருக்கீங்க. களைச்சுப் போயிருக்கீங்க, முகத்தைப் பாத்தாலே தெரியுது. எனக்கும் அப்படித்தான். அதனால பிரசங்கத்தைக் கொஞ்சம் நிறுத்திட்டு ஒரு சின்னக் கதை சொல்றேன்... லேசான கதை இல்ல. ஆனா சின்னதுதான்.

தூத்துக்குடியில செல்வின்னு ஒருத்தர். மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வெச்சிருந்தார். அவர் மனைவி ஜெயசீலி. தெருவுல போறவங்களைக் கூப்பிட்டு வெச்சுப் பேசுற ஆளு. அந்த அம்மாவுக்கு மனச்சோர்வு நோய் வந்துருச்சு.

"ஏன் வந்துச்சு? வீட்ல சண்டையா?"ன்னு எல்லாரும் கேட்டாங்க. சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. டைபாய்டு வந்தவங்ககிட்ட ஏன் வந்துச்சுன்னு கேக்குறோமா? படுத்தாங்க... எந்திரிக்கல. குளிக்கல. மாத்திரையை மாத்தி மாத்திக் குடுத்தும் கேக்கல. கடைசில தண்ணி குடிக்கிறதையும் நிறுத்திட்டாங்க.

டாக்டர் செல்வினைக் கூப்பிட்டார். "இனிமே காத்திருக்க முடியாதுங்க. ஷாக் ட்ரீட்மெண்ட்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதைக் குடுத்துப் பாக்கலாம்."

செல்வின் சொன்னார்: "டாக்டர், எனக்குப் பொழப்பே கரண்ட்டோடதான். அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியும்."

"நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. மயக்க மருந்து குடுத்துத்தான் செய்வோம். சில விநாடிதான். வலி தெரியாது. ஆனா ஒண்ணு சொல்லிடுறேன்... ஞாபகம் கொஞ்சம் தவறும். முக்கியமா இந்தச் சில மாசத்துல நடந்தது. பெரும்பாலும் திரும்ப வந்துரும். சிலது வராமலும் போகலாம். யோசிக்கிறதும் கொஞ்ச நாளைக்கு மந்தமா இருக்கும். எது மறந்தாலும் எங்ககிட்ட சொல்லணும்."

"ஆள் இருந்தா போதும் டாக்டர்."

சிகிச்சை ஆரம்பிச்சாங்க. சில தடவை குடுத்த பிறகு, ஒருநாள் காலையில ஜெயசீலி படுக்கையில எந்திரிச்சு உக்காந்து, "பசிக்குதுங்க... இட்லி இருக்கா?"ன்னு கேட்டாங்க. செல்வின் அடுப்படிக்குள்ள போய் நின்னு அழுதுட்டுத்தான் தட்டை எடுத்தார்.

சரி, கதை அதோட முடிஞ்சிருக்கலாம். முடியல. ஏன்னா... நாம பாக்க வந்துட்டோம்.

செல்வினோட அக்கா வந்தாங்க. "சீலி, உன் பேரன் ஞானஸ்நானத்துக்கு நான் என்ன கலர் சேலை கட்டியிருந்தேன், சொல்லு பாப்போம்?" பக்கத்து வீட்டம்மா வந்தாங்க. "போன கிறிஸ்மஸுக்கு உனக்கு நான் என்ன குடுத்து விட்டேன்?" அவங்க சபை ஐயரும் வந்தார். "போன மாசம் எதைப் பத்திப் பிரசங்கம் பண்ணேன்னு ஞாபகம் இருக்காம்மா?" அது எந்தச் சிகிச்சையும் எடுக்காத நமக்கே ஞாபகம் இருக்காது... அந்த அம்மா பாவம், என்ன செய்வாங்க?

முதல்ல, "தெரியலையே"ன்னு சொன்னாங்க. சொன்ன உடனே எதிர்ல இருக்குற முகம் வாடும். மறுபடியும், "தெரியலையே". இன்னொரு முகம் வாடும். அப்புறம் ஜெயசீலி வேற பதிலுக்கு மாறிட்டாங்க. "ஆமா, ஞாபகம் இருக்கு." எதைக் கேட்டாலும், "ஞாபகம் இருக்கு."

வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த தடவை டாக்டர், "மறதி ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டப்போ செல்வினே முந்திக்கிட்டு, "ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லா இருக்கா"ன்னார். சிகிச்சையும் அதே மாதிரியே தொடர்ந்துச்சு.

ஒருநாள் கறிவேப்பிலை வாங்கப் போன அந்த அம்மா, வீடு எந்தப் பக்கம்னு தெரியாம தெருமுனையில நின்னாங்க. தெரிஞ்சவங்க யாரோ கூட்டிட்டு வந்து விட்டாங்க. வீட்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "சும்மா காத்தாட நின்னேன்."

அப்புறம் ஒருநாள் சாப்பிடும்போது செல்வின் பேச்சுவாக்குல சொன்னார். "சீலி, குத்தாலத்துக்குப் போனோமே, சீசன்ல... பாறையில வழுக்கி விழுந்தியே."

"ஆமாங்க. முழங்கால்ல என்னா வலி."

அவர் இன்னொரு வாய் சாப்பிட்டார். அப்புறம்தான், தான் ஆளை மாத்திச் சொல்லிட்டது அவருக்கு உறைச்சுது. அன்னிக்குக் குத்தாலத்துல விழுந்தது அவரோட அக்கா. ஜெயசீலி அன்னிக்கு வரவே இல்ல.

சாப்பாட்டுல இருந்து கையை எடுத்துட்டார். மெதுவாக் கேட்டார்: "சீலி... நீ குத்தாலத்துக்கே வரலம்மா. ஏன் அப்படிச் சொன்ன?"

ஜெயசீலி சேலைத் தலைப்பால கையைத் துடைச்சாங்க. அப்புறம் சொன்னாங்க. "பேரன் ஞானஸ்நானம்கூட எனக்கு ஞாபகம் இல்லங்க. போட்டோவுல நான்தான் பிள்ளையைத் தூக்கி வெச்சிருக்கேன். யாரோ மாதிரி இருக்கு. இல்லன்னு சொன்னா உங்க எல்லாருக்கும் முகம் செத்துப் போகுது. நீங்களும் எவ்வளவுதான் தாங்குவீங்க... எனக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு."

மறுநாள் ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போய் உண்மையைச் சொன்னாங்க. டாக்டர் கோபப்படல. "இதை முன்னாலயே சொல்லியிருக்கலாமே"ன்னு மட்டும் சொன்னார். கரண்ட் குடுக்குற விதத்தை மாத்தினார், இடைவெளியைக் கூட்டினார். கொஞ்சம் கொஞ்சமா தலை தெளிஞ்சுது. வழி தெரிஞ்சுது. சமையல்ல கை பழையபடி வந்துச்சு. பேரன் ஞானஸ்நானம்... அது வரவே இல்ல. செல்வின் பக்கத்துல உக்காந்து சொல்லுவார். பிள்ளை தண்ணி பட்டதும் எப்படி அழுதான், இவங்க எப்படி அவனைத் தோள்ல போட்டுத் தட்டினாங்க, எல்லாம். ஜெயசீலி யாரோ ஒரு நல்ல பொம்பளையோட கதையைக் கேக்குற மாதிரி கேப்பாங்க.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? அந்தச் சிகிச்சை கெட்டதுன்னு சொல்லவா? இல்லவே இல்ல. அதுதான் அந்த அம்மாவை எழுப்பி உக்கார வெச்சுது. ஆனா பிழைச்சு வந்தவங்களை வாசல்லயே நிறுத்திப் பரீட்சை வெச்சது யாரு? நாமதான். நம்மளை மறக்கலைன்னு தெரிஞ்சுக்கிற ஆசையில, அவங்களைப் பொய் சொல்ல வெச்சுட்டோம்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். "ஞாபகம் இருக்கா?"ன்னு கேக்காதீங்க. "நடந்ததை நான் சொல்றேன், கேளு"ன்னு சொல்லுங்க. "மறந்துட்டேன்"னு அவங்க சொன்னா, முகத்தைச் சுருக்காம, "சரி, பரவாயில்ல"ன்னு சொல்லுங்க. கொஞ்ச நாளைக்கு ஞாபகம் வெச்சுக்கிற வேலையை நீங்க பாருங்க... அவங்க பிழைக்கிற வேலையைப் பாக்கட்டும்.