சட்டைக்குள் ருஷ்யா

ஓடுகிறேன். இடது காலில் என் செருப்பு. வலது காலில் றீற்றாவுடையது. றீற்றா என் மனைவி. வெறுங்காலோடு எனக்கு முன்னால் ஓடுகிறாள்.

எண்பத்து மூன்று ஜூலை. திங்கட்கிழமை. முற்பகல் பத்து நாற்பது. கொழும்பில் வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை. மேலே கண்ணாடி உடைகிறது. கடைக் கண்ணாடி ஒரே தரத்தில் உடையாது. முதலில் ஒரு பெரிய சத்தம். பிறகு சிறிது சிறிதாகக் கொட்டும். அதற்குப் பின்னால் 'புஃப்' என்று ஒன்று. பெற்றோல்.

"ரயில் ரோட்டால போங்கோ! மேல போகாதேங்கோ!" மாடியிலிருந்து யாரோ கத்துகிறார்கள்.

நான் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவன். இதையும் எழுதத்தான் வேண்டும். தமிழர் வீடுகளை எரிக்க வருகிறார்கள் என்று தெரியும். தெரிந்தும் கதவைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். திறப்பைச் சட்டைப்பையில் போட்டேன். பத்து அடி போனேன். திரும்பி வந்து திறந்தேன். உள்ளே போய் எடுத்தது பணமல்ல, நகையல்ல, மற்றச் செருப்பும் அல்ல. பெரியப்பாவின் லொக் புத்தகம், கப்பலில் எழுதிய நாட்குறிப்பு. சட்டைக்குள் செருகினேன். பிறகு மறுபடி பூட்டினேன்.

பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். துறைமுகத்தில் வளர்ந்தவர். வெள்ளைக்காரனின் போர்க்கப்பலில் குசினி வேலைக்குப் போனவர். உலக யுத்தத்தில் ருஷ்யாவுக்குச் சாமான் ஏற்றிப்போன கப்பல்களுக்கு அந்தக் கப்பல் காவல். நாட்குறிப்பு எழுதத் தடை. பெரியப்பா எழுதினார். தமிழில் எழுதினார். பிடிபட்டாலும் எந்தத் துரைக்கும் வாசிக்க வராது என்ற துணிவு.

'பனியில் உறைந்த பாணைக் கோடாலியால் வெட்டினோம். காலை 9.10. இடப்பக்கக் கப்பல். ஒரு சத்தம். ஆறு நிமிடம். கப்பல் இல்லை. எண்ணெயில் தலைகள். நிற்க உத்தரவு இல்லை.' பக்கம் பக்கமாக இப்படித்தான். அவரோடு வந்து இறந்தவர்களின் பெயர்கள் கடைசித் தாளில்.

அவர் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தார். கப்பல் தாழும்போது லொக் முதலில் இறங்க வேண்டும். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் அப்பா அதைத்தான் முதலில் தூக்கினார். எழுபத்தேழில் நான் தூக்கினேன். ஊர்ச்சனம் நகையைத் தூக்கும். நாங்கள் ருஷ்யாவைத் தூக்குவோம்.

ஆனால் அன்று காலை பெரியப்பா சட்டத்தை மாற்றியிருந்தார்.

"லொக்கத் தொடாத அல்பர்ட். இன்டைக்கித் தமிழெழுத்து ஒண்டும் கையில இருக்கப்படாது. வெளங்கிச்சா?"

விளங்கியது என்றேன். அவர் எங்களுக்கு முன்னால் ஒழுங்கையில் இறங்கினார். எனக்கு விளங்காதது ஒன்றும் இல்லை. பயந்தால் மட்டும் பழைய பழக்கம் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடும். போதாததற்கு ஒரு ஆசை. பம்பலப்பிட்டித் தேவாலயத்தில் தெரிந்த சுவாமியார் ஒருவர் இருந்தார். அவருடைய அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் வித்தைக்காரன் முயல் எடுப்பதுபோல் சட்டையைத் தூக்கிக் காட்டுவேன். பெரியப்பா அழுவார். நான் வீரன்.

பதினொன்று ஐந்து. ரயில் பாதை. இடது பக்கம் கடல். வலது பக்கம் புகை, ஏழு இடத்தில். எண்ணினேன். பல் அடிக்கிறபோது எண்ணினால் கொஞ்சம் நிற்கும்.

சேர்ந்து போகாதே என்றார் பெரியப்பா. குடும்பமாகக் கூட்டாக நடந்தால் நெற்றியில் தமிழர் என்று எழுதி ஒட்டினமாதிரியாம். அவர் முன்னால் போனார். எழுபத்திரண்டு வயது. சாரம், குடை, துறைமுகச் சிங்களம். முப்பது அடி பின்னால் நான். எனக்குப் பின்னால் றீற்றா.

பதினொன்று இருபது. தண்டவாளத்தில் ஆறு பேர். இரும்புக் கம்பிகள். ஒரு பெற்றோல் கலன். பெரியப்பாவை நிறுத்துகிறார்கள். அவர் ஏதோ பகிடி சொல்கிறார். ஒருவன் சிரிக்கிறான். போகச் சொல்கிறார்கள். போகிறார். தப்பிவிட்டார்.

அடுத்தது நான். பெயர் கேட்டார்கள். அல்பர்ட். நீர்கொழும்புச் சிங்களவருக்கும் இந்தப் பெயர் இருக்கிறது. கத்தோலிக்கனாய்ப் பிறந்ததில் கிடைத்த லாபம். என் சிங்களமும் அன்று தடுமாறவில்லை. வயிறுதான் காட்டிக்கொடுத்தது. நான் ஒல்லி. வயிறு மட்டும் சதுரமாக இருந்தது.

ஒருவன் கம்பியால் தட்டினான். சட்டையைக் கிழித்தான். லொக் விழுந்தது. விரித்தான். எல்லாத் தாளிலும் தமிழ்.

  என் காற்சட்டை நனைந்தது. 

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். அவர் போயிருக்கலாம். ஐம்பது அடி போயிருந்தார். குடையை மடக்கினார். நடந்து வந்தார். ஓடவில்லை.

"பொத்த மகே," என்றார். புத்தகம் என்னுடையது.

மிகுதியையும் சிங்களத்தில் சொன்னார். நான் தமிழன். இவன் ஒரு நாட்டாமி, சாமான் தூக்குகிற சிங்களவன். புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லிப் பாதையில் கொடுத்தேன். இவனுக்கு ஒன்றும் தெரியாது.

கம்பி வைத்திருந்தவன் என்னைப் பார்த்தான். இந்த ஆளைத் தெரியுமா என்று கேட்டான்.

"தன்னே நே," என்றேன். தெரியாது.

பெரியப்பா என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் காரியம் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும்.

முதல் அடி முழங்காலில். விறகு முறிகிற சத்தம். இரண்டாவது தலையில். அது வேறு சத்தம். ஈரமானது. மூன்றாவதிலிருந்து எண்ணவில்லை. லொக்கைத் தாள் தாளாகக் கிழித்து அவர் மேல் போட்டார்கள். பெற்றோல் ஊற்றினார்கள். புஃப். ஒருவன் என் முதுகில் தட்டி, போ மல்லி என்றான். மல்லி என்றால் தம்பி. போனேன். எரிகிற தாள்கள் கடல் பக்கம் பறந்தன. பதினொன்று முப்பத்தொன்று. மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது.

றீற்றாவை ஒருவரும் நிறுத்தவில்லை. அவரைத் தாண்டி நடந்து வந்தாள். அவளும் ஓடவில்லை.

சுவாமியாருடைய அறையில் அவள் தண்ணீர் குடித்தாள்.  பிறகு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நீங்க சொன்னது எனக்குக் கேட்டிச்சி."

நாலாம் நாள் பாதைக்குப் போனேன். கற்கள் கறுத்திருந்தன. உடம்பு இல்லை. எடுத்தவர் யார் என்று சொல்ல ஆளில்லை.

ஆகவே இழந்ததை எழுதுகிறேன். வீடு ஒன்று, கூரையோடு. பூட்டு மட்டும் பூட்டியபடியே கிடந்தது. லொக் புத்தகம் ஒன்று. அதன் கடைசித் தாளில் பனிக்கடலில் போன பதினாலு பெயர்கள். எனக்கு மூன்றுதான் ஞாபகம். மிச்சம் பதினொன்றும் போயிற்று. பெரியப்பா ஒருவர். பெயர் சவரிமுத்து. கல்லறை இல்லை.

தெரியுமா என்று அவன் கேட்டது ஒரு தரம். தெரியாது என்று மேலே நான் எழுதியதும் ஒரு தரம். சொன்னது இரண்டு தரம்.