லூஸாக இருந்த கோல்ஃப் ஷூ

தாம்பரத்தில் ரயில் கிளம்பியதும் எதிர் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: “கோல்ஃப் ஷூ வாங்கப் போய் என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு கால்ல ரெண்டு விரலை எடுத்துட்டாங்க சார்.”

இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். கழுத்தில் அலுவலக அட்டை.

“ஷூவால எப்படி சார் விரல் போகும்?”

“அவருக்கு ரொம்ப வருஷமா சுகர். மேனேஜரோட கோல்ஃப் ஆடணும்னு ஷூ வாங்கப் போனார். கடைக்காரர் சரியான சைஸ்தான் குடுத்திருக்கார். இவர் லூஸுன்னுட்டார். அதைவிடச் சின்னது குடுத்தா, அதுவும் லூஸாம். கடைசியில கால் பிதுங்குற மாதிரி ஒண்ணைப் போட்டுப் பாத்து, ‘இதுதான் கம்ஃபர்ட்டா இருக்கு’ன்னு வாங்கிட்டார்.”

“வலிக்கலையா?”

“கால்ல உணர்ச்சி இருந்தாத்தானே வலிக்கும்? இறுக்கிப் பிடிச்சாத்தான் ஷூ போட்டிருக்கிறதே அவருக்குத் தெரியுது. அதைப் போட்டுக்கிட்டு காலைநேரம் பூரா புல்லுல நடந்திருக்கார். சாக்ஸ் நனைஞ்சதை வேர்வைன்னு நெனச்சாராம். தங்கச்சி துவைக்க எடுத்தப்பதான் ரத்தம்னு தெரிஞ்சுது.”

“அடப் பாவமே! எனக்கும் சுகர்தான். ஆனா கால் விஷயத்துல நான் ரொம்ப ஜாக்கிரதை சார். இந்த ஷூவைப் பாருங்க, சிக்குனு பிடிச்சுக்கும். அவ்ளோ கம்ஃபர்ட்!”

பல்லாவரத்தில் கூட்டம் ஏறியது. கனத்த பையை மேலே வைக்க எக்கிய ஒரு பெண் அந்த ஷூவின் மேலேயே ஏறி நின்றுவிட்டாள். கீழே பார்த்ததும் பதறி விலகினாள்.

“ஐயோ, சாரி சார்!”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எதுக்கும்மா?”