முழுசாகத் திரும்பி வந்த ஆர்னி

உங்கள் காவல் நிலையத்துக் காபி நன்றாக இருக்கிறது, மேடம். எங்கள் கிளப்பில் இப்படி ஒரு காபி கிடைத்திருந்தால் போன வருடம் இரண்டு பயிற்சியாளர்கள் ஓடிப்போயிருக்க மாட்டார்கள்.

என் பெயர் உர்ப்போ கெத்துனென். ஹல்லவேசி ஐஸ் ஹாக்கி கிளப்பின் மேலாளர். யாரும் என்னை மிரட்டி அழைத்து வரவில்லை, நானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன். வண்டியை வெளியே தப்பான இடத்தில் நிறுத்தியிருக்கிறேன், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

லீக் நடக்கும்போது வீரர்களை நாட்டு அணிக்கு விடுவிக்கக் கூடாது என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். வானொலியில் சொன்னேன், மளிகைக் கடையில் சொன்னேன், என் மைத்துனரின் சவ அடக்கத்தில்கூடச் சொன்னேன். சம்பளம் நாங்கள் கொடுக்கிறோம், சாப்பாடு நாங்கள் போடுகிறோம், கை காலைப் பிடித்துவிடுகிறோம். பின்லாந்து அணிக்காரர்கள் வந்து நல்ல ஆளாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போவார்கள், உடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். "ஒடஞ்சுதான் வருவானுங்க, பாருங்க" என்பேன். ஊரில் எனக்கு உடைசல் உர்ப்போ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தக் குளிர்காலம் ஒலிம்பிக்குக்கு எங்கள் ஆர்னியைக் கூப்பிட்டார்கள். எங்கள் அணியில் கோல் போடத் தெரிந்த ஒரே பையன். மற்றவர்கள் நல்ல பிள்ளைகள், அவ்வளவுதான். நான் கத்தியும் கேட்காமல் கிளப் அவனை அனுப்பியது. அவன் ஆடிய ஆட்டம் ஒன்றைக்கூட விடாமல் தொலைக்காட்சியில் பார்த்தேன். எதிரணிக்காரன் அவனை ஆடுகளத்துச் சுவரோடு சேர்த்து மோதும்போதெல்லாம் என் மனைவி முகத்தை மூடிக்கொள்வாள். நான் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருவேன். ஒவ்வொரு முறையும் அவன் எழுந்துவிட்டான்.

வெண்கலப் பதக்கத்தோடு வந்து இறங்கினான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. போனபோது இருந்ததைவிட நன்றாக வேறு ஆடினான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெண்ணெய் வாங்கப் போனால் கல்லாவில் இருக்கும் பெண், "என்ன உர்ப்போ, உங்க பையன் எந்தப் பக்கம் ஒடஞ்சிருக்கான்? சொன்னா நாங்களும் பாப்போம்ல" என்கிறாள். வீரர்களை விடுவிப்பதா வேண்டாமா என்று எல்லாக் கிளப்புகளும் கூடி வாக்களிக்க ஒரு வாரம்தான் இருந்தது. என் வாதம் சரியாகத்தான் இருந்தது, மேடம். ஆர்னிதான் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

அவனைப் பாராட்டுவதற்காக என் ஏரிக்கரை வீட்டுச் சவுனாவில் நீராவிக் குளியலுக்குக் கூப்பிட்டேன். சவுனாவிலிருந்து ஏரிக்கு இறங்கச் செங்குத்தான கல்படிகள். குளிர்காலம் முழுக்கக் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவற்றில் சரளை தூவுவேன். என் வாசலில் ஒரு ஆள் வழுக்கி விழுந்தால் எனக்கு மனசு கேட்காது. அன்று மட்டும் சரளையைக் கூட்டித் தள்ளிவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். அந்தக் குளிரில் உறைவதற்கு நேரம் பிடிக்காது.

வெந்து சிவந்து போய், ஏரிப் பனியில் வெட்டிய குழியில் முங்கி எழ ஆர்னி துண்டோடு ஓடினான். விழுந்தான். ஆனால் ஹாக்கிக்காரனுக்கு விழத் தெரியும். கணுக்கால் பிசகியதோடு சரி.

"ஒண்ணும் இல்லண்ணே, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சிரித்தான்.

இரண்டு நாளை வைத்துக்கொண்டு நான் கூட்டத்தில் என்ன பேசுவது? ஆகவே அவனைத் தூக்கினேன்.

"வேணாம்ண்ணே, நான் கனம்."

"சும்மா இருடா. ஜூன் திருவிழாவுல உங்கப்பன் குடிச்சிட்டுக் கெடந்தப்ப, அவனையே தூக்கிட்டு வந்தவன் நான்."

ஓரத்துக் கம்பியைப் பிடித்தபடி மேல்படி வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்தேன். அங்கே அவனைக் கையிலிருந்து நழுவ விட்டேன்.

முட்டி உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. ஆர்னி அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "மன்னிச்சிருங்கண்ணே, என்னால உங்க முதுகு புடிச்சிக்கிச்சா?" என்று கேட்டான். இனிமேல் அவன் ஆட முடியாது என்று மருத்துவர் சொன்னபோது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. நான் நினைத்தது ஒரு சீசன் மட்டும்.

சிக்கல் பிறகுதான் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே பயல் வானொலிக்குப் பேட்டி கொடுத்தான். "ஒலிம்பிக்ல எனக்கு ஒண்ணுமே ஆகலீங்க. ஊருக்கு வந்து மேனேஜர் வீட்டுச் சவுனாவுலதான் விழுந்தேன். அண்ணன் என்னைக் காப்பாத்தத்தான் பாத்தாரு, பாவம். பசங்கள விடுங்க, போய் ஆடட்டும்."

கூட்டத்தில் நான் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் எழுந்து, "நாட்டு அணியக் கூட நம்பலாம், உர்ப்போ வீட்டுக்கு மட்டும் பசங்கள அனுப்பாதீங்கப்பா" என்றார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துவிட்டு, என்னைத் தவிர அத்தனை பேரும் விடுவிக்கலாம் என்று வாக்களித்தார்கள்.

அதனால்தான் உங்களிடம் வந்தேன், மேடம். அதை விபத்து என்று பதிவு செய்திருக்கிறார்கள், அது தவறு. அந்தக் காலை உடைத்தது நான். ஏன் உடைத்தேன் என்பதையும் எழுதி, லீக் அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். ஒலிம்பிக்குக்குப் போகாமல் ஊரிலேயே இருந்திருந்தால், அவன்மேல் என் சுண்டுவிரல்கூடப் பட்டிருக்காது. ஆக, அவன் கால் உடைந்தது அங்கே போனதால்தான். நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.