ஒருவாய்க்காரர்

காபிக்காரி: குடிச்சுப் பாத்துட்டு சொல்லுங்கக்கா. காசெல்லாம் வேண்டாம். காலைல முதல் கப்புக்கு நான் காசு வாங்குறதில்லை.

வந்தவள்: ஏன், முதல் கப்புல விஷமா?

காபிக்காரி: ஐயோ, ஏன்க்கா காலங்காத்தால! கடை திறந்ததும் மெஷின்ல எப்படி வருதுன்னு யாராவது குடிச்சு சொல்லணும். அதான்.

வந்தவள்: நீயே குடிக்கலாமே.

காபிக்காரி: நம்ம கைப்பக்குவம் நமக்கு எப்பவும் ருசியாத்தானே இருக்கும்?

வந்தவள்: நல்லா வாயடிக்கிறே. தினமும் யாரு குடிப்பா இதை?

காபிக்காரி: எதிர்ல தையல்கடை இருக்குல்ல... ஷட்டர் போட்டிருக்கே, அந்தக் கடைக்காரர்தான். ஒருவாய்க்காரர்னு பேரு வச்சிருக்கோம். ஒரே ஒரு வாய். முழுங்குறாரா துப்புறாரான்னுகூடத் தெரியாது. 'புளிக்குது'ம்பார், இல்லேன்னா 'கசக்குது'ம்பார். கப்பை அப்படியே வச்சிட்டுப் போயிடுவார்.

வந்தவள்: அவ்வளவுதானா? வேற பேச்சே கிடையாதா?

காபிக்காரி: இருக்கும், இருக்கும். மூஞ்சியை உர்ருன்னு வச்சுக்கிட்டே கிண்டல் பண்ணுவார். 'உன் காபியைக் குடிச்சா செத்தவன்கூட எழுந்து ஓடிடுவான்'னு...

வந்தவள்: ம்... இந்த மாதிரி ஆம்பளைங்க வீட்ல வாயே திறக்கமாட்டாங்க.

காபிக்காரி: யாரு, அவரா? வீட்டுக்காரம்மாவைப் பத்திப் பேசாத நாளே கிடையாதுக்கா. 'எங்க வீட்ல ஒரு மோப்ப நாய் இருக்கு'ன்னுட்டு, வாய் கொப்பளிச்சிட்டுத்தான் படி இறங்குவார்.

வந்தவள்: ...மோப்ப நாயா?

காபிக்காரி: பாசத்துலக்கா! சொல்லும்போது மட்டும்தான் அவருக்கு சிரிப்பே வரும்.

வந்தவள்: உன் ஏப்ரன் வார்... யாரு தைச்சது?

காபிக்காரி: அவர்தான். அறுந்து தொங்குச்சு. 'கழட்டு, பாக்க சகிக்கலை'ன்னு வாங்கிட்டுப் போய்...

வந்தவள்: ரெட்டைத் தையல். முனையில ஒரு முடிச்சு. காசு வாங்கமாட்டேன்னிருப்பாரே.

காபிக்காரி: ஆமா... ஏன்க்கா இப்படித் துருவித் துருவிக் கேக்குறீங்க?

வந்தவள்: சும்மாதான். தைக்கக் குடுத்திருந்தேன். கடை பூட்டிக் கிடக்கு.

காபிக்காரி: அப்போ உங்களுக்கும் ஒண்ணும் தெரியாதா... நானும் ஊருக்குப் போயிருப்பார்னு நினைச்சேன். ஆனா சொல்லாமப் போகமாட்டாரே. அவர் வராம எனக்கு நேரமே சரியில்லைக்கா. தினமும் ரெண்டு கப்பாவது திரும்பி வருது. முதலாளி இப்ப வந்துடுவார், தானே பாக்கப்போறாராம். 'இன்னைக்கும் சரியில்லேன்னா நாளைலேருந்து வராதே'ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டார். அதனாலதான் உங்களைக் கெஞ்சுறேன்... ஒரு வாய்...

வந்தவள்: ஏய், என்ன அது... பால் அடிப்பிடிக்கிற வாசம்?

காபிக்காரி: ஆங்... ஆமாக்கா! அடடா, கவனிக்கலை. இதோ நிறுத்திடறேன்...

வந்தவள்: எதை நிறுத்துவே? ஒரு வாசமும் வரலை. சும்மா சொன்னேன்.

காபிக்காரி: இல்லக்கா, லேசா வந்த மாதிரி...

வந்தவள்: உனக்கு மூக்கு...

காபிக்காரி: மெதுவாக்கா! பின்னாடி ஆள் இருக்காங்க.

வந்தவள்: எப்போலேருந்து?

காபிக்காரி: ஒரு காய்ச்சல் வந்துச்சு. மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. சூடு தெரியும், சில்லுனு தெரியும்... அவ்வளவுதான். 'வந்துடும், வந்துடும்'ங்கறார் டாக்டர். எங்கே வருது? எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும். ருசி தெரியாதவளுக்கு எந்தக் காபிக்கடையில வேலை குடுப்பாங்க? அதுகூடப் பரவாயில்லைக்கா... ராத்திரி என் பொண்ணைக் கட்டிக்கிட்டுப் படுப்பேன். புள்ள வாசம்கூடத் தெரியலை.

வந்தவள்: ஷ்ஷ்... அழாதே. கண்ணைத் துடை. இது தையல்காரருக்குத் தெரியுமா?

காபிக்காரி: சத்தியமாத் தெரியாது. யார்கிட்டயும் நான் மூச்சு விடலை. 'எப்படியிருக்கு சார்'னு சும்மா கேக்குற மாதிரி கேப்பேன். சொல்வார். புளிச்சா கொட்டையை நைசா அரைப்பேன். கசந்தா கொஞ்சம் கொரகொரன்னு விட்டுடுவேன். மத்ததெல்லாம் கையே பாத்துக்கும்.

வந்தவள்: குடு அந்தக் கப்பை.

காபிக்காரி: ஆறிப்போயிருக்கும், புதுசா...

வந்தவள்: குடுங்கறேன்ல... உவ்வே! புளிப்பு. காது வரைக்கும் புளிக்குது.

காபிக்காரி: புளிக்குதா? நல்லவேளை! இருங்க... இருங்க... இந்தாங்க, இப்போ?

வந்தவள்: ஐயய்யோ, கஷாயம். அரவையில பாதி தூரம் திரும்பி வா.

காபிக்காரி: அவர் மாதிரியே சொல்றீங்க! இதோ, மறுபடி அரைச்சுப் போடுறேன். உங்களுக்குக் காபின்னா உயிரோ?

வந்தவள்: எனக்கு இந்த வாசமே ஆகாது. இது வந்தாலே எங்க வீட்ல சண்டைதான்.

முதலாளி: கடை திறந்ததும் திறக்காததுமா அரட்டையா? போட்டாச்சா?

காபிக்காரி: இதோ சார்... இந்தாங்க.

முதலாளி: எனக்கெதுக்கு? நீ குடி. குடிச்சிட்டு எப்படியிருக்குன்னு சொல்லு. ஊருக்கே வாயில வைக்க முடியாதது உனக்கு மட்டும் எப்படி இனிக்குதுன்னு பாப்போம்.

காபிக்காரி: சார்... அது... இப்போ...

முதலாளி: என்ன, இப்போ? குடிம்மா!

வந்தவள்: ஹலோ, அது என் கப்பு சார். எடுங்க கையை... ம்... ஆங். இப்ப சரி. புளிப்பும் இல்லை, கசப்பும் இல்லை. வெளியில மழை ஈரம் பாருங்க, அரவை நிலையா நிக்கலை போல. பாவம், எனக்காக மாத்தி மாத்தி அரைச்சிட்டாங்க. மிச்சத்தை நீங்களே ஊத்திக் குடிச்சுப் பாருங்க.

முதலாளி: குடுங்க பாப்போம்... ம்... ம்ம். அட, இதானேம்மா உன் காபி! அப்புறம் ஒரு வாரமா என்ன கேடு வந்துச்சு உனக்கு?

காபிக்காரி: இனிமே இப்படியே இருக்கும் சார்.

முதலாளி: இருந்தா உனக்கு நல்லது. பால் வண்டி வந்துடுச்சு, இறக்கிட்டு வர்றேன்.

காபிக்காரி: போயிட்டார்... அக்கா, உங்களுக்குக் கோடி புண்ணியம்.

வந்தவள்: அதெல்லாம் இருக்கட்டும். தண்ணி குடு முதல்ல. வாய் கொப்பளிக்கணும்.

காபிக்காரி: இந்தாங்க... அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? ஒருவாய்க்காரர் வர்ற வரைக்கும்... நாளைக்கு ஒரு நாள்... முடிஞ்சா மறுநாளும்... அவர் வந்தவுடனே மூக்கு விஷயத்தை அவர்கிட்ட சொல்லிடப்போறேன். பாவம், எதுக்குன்னே தெரியாம தினமும் வந்து சொல்லிட்டுப் போனார்.

வந்தவள்: அவருக்குத் தெரியும்டி. அவருக்கு வயித்துல புண்ணு, காபி ஒரு சொட்டுகூடக் கூடாதுன்னுட்டாங்க டாக்டருங்க. எவ்வளவு கொப்பளிச்சாலும் சட்டையில வாசம் வரும், நான் புடிச்சிடுவேன். 'ஒரு வாய் குடிக்கலேன்னா உயிரா போயிடும்'னு கேட்டேன். 'என் உயிர் போகாது, அங்க ஒரு பொண்ணோட வேலை போயிடும்'னார். நான் நம்பலை... பயப்படாதே, அவர் உயிர் போனது உன் காபியால இல்லை, நெஞ்சுவலி. அடக்கம் முடிஞ்சு சொந்தக்காரங்கல்லாம் கிளம்பினதும், எவ அந்தப் பொண்ணுன்னு சண்டை போடத்தான் வந்தேன்... நாளைக்கு எத்தனை மணிக்குக் கடை திறப்பே?