நீர்ப்பறவைகளின் இரண்டாம் பாகம்

பறவைகளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஐயா. காயப்போட்ட துணியில் எச்சமிடும். விடியும் முன்னே கத்தி எழுப்பிவிடும். மொட்டைமாடியில் அவற்றுக்குத் தண்ணீர் வைத்ததெல்லாம் என் அக்காதான். நான் சேர்த்தது பறவைகளைப் பற்றிய பழைய புத்தகங்களை. அது வேறு, இது வேறு.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை எனக்கு. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்காக உழைத்துவிட்டு வந்தால் என் கண்ணுக்கும் ஏதாவது வேண்டும் அல்லவா? பழைய பேப்பர்க் கடைகளில் குனிந்து கிளறியே முதுகு வளைந்துபோனது. அச்சடித்த படத்தின் மேல் யாரோ கையால் வண்ணம் தீட்டிய புத்தகங்கள்தான் எனக்கு உயிர். மீன்கொத்தியின் நெஞ்சில் தூரிகை எந்த இடத்தில் தயங்கியது என்பதுகூடத் தெரியும்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா கணவனை இழந்தவள், மகளை வெளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். அப்பா விட்டுப்போன வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஓர் அறையில் என் புத்தகங்கள். அடுத்த அறையில் அக்காவும் அவளுடைய தையல் மெஷினும். நான் படுப்பது முன்கூடத்தில். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பாள். நான் புத்தக அறையிலிருந்து வெளியே வந்தால், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, “என்ன, உன் சம்சாரம் இன்னைக்குச் சீக்கிரம் விட்டுட்டாளா?” என்பாள். நானும் சிரிப்பேன். எங்களுக்குள் ஒரு சண்டை கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீர்ப்பறவைகளைப் பற்றி இரண்டு பாகப் புத்தகம் ஒன்று உண்டு. முதல் பாகம் வெகுகாலமாக என்னிடம் இருந்தது. மூடிக்கிடந்த ஒரு கிளப்பின் சாமான்களை ஏலம் விட்டபோது இரண்டாவது கிடைத்தது. அன்று பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும், அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே வந்தேன்.

சில நாளில் அலமாரித் தட்டில் மாவு சிந்தியதுபோல் தூள் விழுந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நாரையின் காலில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை. புழு. பக்கத்துத் தட்டுகளுக்கும் பரவியிருந்தது. அந்தப் புழுவை வீட்டுக்குள் கொண்டுவந்தவனே நான்தான் என்பது என்னை உறுத்தியது.

விவசாய மருந்துக் கடைக்குப் போனேன். தானியக் கிடங்கில் வைக்கிற மாத்திரை ஒன்று உண்டு. காற்றுப் பட்டால் புகைந்து, மூடிய இடத்தில் உள்ளதையெல்லாம் கொன்றுவிடும். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

“கிடங்குக்குத்தானே? குடியிருக்கிற வீட்டுல வைக்கவே கூடாது. ஆளையே முடிச்சிரும்.”

“கிடங்குக்குத்தாங்க” என்றேன். என் கணக்கில் அது பெரிய பொய்யில்லை. அந்த அறையில் யாரும் குடியிருக்கவில்லை.

ஜன்னலையும் கதவிடுக்கையும் டேப்பால் ஒட்டி அடைத்தேன். இரண்டு அறைக்கும் நடுச்சுவரில், உயரத்தில், ஒரு காற்றுத் துவாரம் இருக்கிறது. அக்காவின் அறைப் பக்கமாக அதற்குச் செய்தித்தாள் ஒட்டினேன். ஒரே தாள். மழைக்காலம், சுவர் ஈரமாக இருந்தது. டேப் சரியாகப் பிடிக்கவில்லை என்பது ஏணியில் நிற்கும்போதே தெரிந்தது.

அக்காவிடம், “பூச்சி மருந்து வச்சிருக்கேன், அந்த ரூமுக்குள்ள போயிடாதே” என்று சொன்னேன். சொல்லாமல் விடவில்லை. மூன்று நாள் மூடியிருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

மறுநாள் காலையில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “என்னடா இது, பூண்டு அழுகின மாதிரி நாத்தம்? வயித்தைப் புரட்டுது.”

அவள் அறைக்குள் போய் நிமிர்ந்து பார்த்தேன். தாளின் ஒரு மூலை பிரிந்து தொங்கியது. புத்தக அறையின் ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் பாதியில் திறந்தால் புழு சாகாது. வெளியே சாரல் வேறு. “சாக்கடை நாத்தமா இருக்கும்க்கா. ஜன்னலைத் திறந்து வச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். சாரல் அடித்தால் தைத்த துணி நனையும் என்று அவள் ஜன்னலைத் திறக்க மாட்டாள். அதுவும் எனக்குத் தெரியும்.

மதியம் பக்கத்து வீட்டம்மா கடைக்குப் போன் செய்தார். அக்காவுக்கு ஓயாத வாந்தி. ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். என்னைத் தனியாகக் கூப்பிடவில்லை. அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கேட்டார்.

“வீட்டுல பூச்சி மருந்து, புகை, அந்த மாதிரி ஏதாவது வச்சீங்களா? இருந்தா இப்பவே சொல்லுங்க. வைத்தியமே வேற. வீட்டுக்கும் ஆள் அனுப்பித் திறந்துவிடணும்.”

ஆள் அனுப்புவார்கள். பூட்ஸ் காலோடு வந்து கதவை உடைப்பார்கள். அலமாரிகளை மழையில் இழுத்துப் போடுவார்கள். இதெல்லாம் ஒரு கணத்தில் என் கண்முன் ஓடியது. அக்காவின் முகத்தைத்தான் நான் பார்க்கவில்லை.

“இல்லங்க டாக்டர். நேத்து மீந்ததைச் சாப்பிட்டுச்சு. அதுவாத்தான் இருக்கும்.”

டாக்டர் போன பிறகு அக்கா ஆக்சிஜன் முகமூடியைச் சற்று விலக்கினாள். “ஏன்டா சொல்லல?”

“அது வெறும் பூச்சி மருந்துக்கா. மனுஷங்களை ஒண்ணும் பண்ணாது.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சரி, உனக்குத் தெரியாததா” என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. டாக்டர் இன்னொரு முறை வந்து அதையே கேட்டார். இன்னொரு முறை இல்லை என்றேன். பொழுது சாயும்போது அக்கா போய்விட்டாள். கெட்டுப்போன சாப்பாடு, பலவீனமான இதயம் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

அக்கா மகள் அழுதுகொண்டே வந்து இறங்கினாள். “அம்மாவ வீட்டுக்குக் கொண்டுபோயிரலாம் மாமா.”

“நாளன்னைக்குப் போகலாம்மா. நீ இப்ப எங்கயாவது படுத்து எழு” என்றேன். அவளை ஒரு விடுதியில் தங்கவைத்தேன். அந்தப் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றினேன் என்று இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதே நேரத்தில் அறையின் மூன்று நாள் கெடு இன்னும் முடியவில்லை என்பதும் உண்மை. அதற்காக அவளைப் பெற்ற தாயின் உடம்பை ஆஸ்பத்திரிக் குளிர்ப்பெட்டியில் காக்கவைத்தேன்.

கெடு முடிந்ததும் நான் மட்டும் போய் எல்லாவற்றையும் திறந்தேன். காற்றாடக் காத்திருந்து புத்தகங்களைத் தட்டினேன். செத்த புழுக்கள் எள் மாதிரி உதிர்ந்தன. நாரையின் காலைத் தவிர ஒரு படத்துக்கும் சேதமில்லை. அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்குவதில்லை.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, ஐயா. நானாகத்தான் வந்திருக்கிறேன். காரியமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது அக்கா மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “கடைசி வரைக்கும் அம்மாவ நீங்கதான் மாமா பாத்துக்கிட்டீங்க” என்றாள். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, கொடுத்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. அவள் பஸ் ஏறியதும் நேரே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மருந்து வைத்தது தவறு. அதைத் தவறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். டாக்டர் கேட்டபோது இல்லை என்றேனே, அது தவறில்லை, கொலை. இரண்டு முறை செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன்.

வீட்டைச் சோதனை போட வருவீர்கள். சாவி இதோ. புத்தகங்கள் எல்லாம் இப்போது அக்காவின் அறையில் இருக்கின்றன. அந்தப் பக்கத்துச் சுவர்களில்தான் ஈரம் குறைவு. உங்கள் ஆட்கள் ஈரக் கையோடு எதையும் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.